நாலு பத்துக்குத் திறந்த கதவு

அலுவலகத்தில் எல்லோராலும் மணியக்கா என்று அழைக்கப்படுபவளும், வயது நாற்பத்து மூன்று ஆனவளும், மணமாகாதவளும், தண்ணீர்த் தொட்டிக்கு எதிரே உள்ள கட்டடத்தின் மூன்றாம் மாடியில் பதினோராம் எண் வீட்டில் தாயாருடன் வசிப்பவளும், தொலைத்தொடர்பு மையத்தின் சர்வர் அறையில் பதினாறு ஆண்டுகளாக ஆபரேட்டர் வேலை பார்ப்பவளுமாகிய நான், இருபத்தொன்பதாம் தேதி சனிக்கிழமை காலை பத்து மணிக்கு யாரும் கூப்பிடாமல் நானாகவே இந்தக் காவல் நிலையத்துக்கு வந்து, விசாரணை அதிகாரி முன்னிலையில் கீழ்க்கண்டவாறு சொல்கிறேன். சட்டப்படியான என் பெயர் ஒட்டிய உறையில் தனித் தாளில் இருக்கிறது. என்னை யாரும் மிரட்டவில்லை. மிரட்டினால் சொல்கிற ஆளும் நான் இல்லை.

மலை மேல் உள்ள எங்கள் நான்காம் தொலைபேசி நிலையத்தில் பேட்டரிகள் திருடு போன வழக்கில், அந்த நிலையத்து டெக்னீஷியன் ஒன்பது நாளாகக் காவலில் இருக்கிறார். திருடர்களுக்கு உடந்தையாகக் கதவு அலாரத்தின் வயரை அவர் முன்கூட்டியே துண்டித்து வைத்தார் என்பது அவர்மேல் உள்ள குற்றச்சாட்டு. அவர் வயரைத் துண்டிக்கவில்லை. அலாரத்தை அடக்கி வைத்தவள் நான். இதைச் சொல்லவே வந்தேன்.

என் வேலை என்ன என்று அதிகாரி கேட்டதால் அதை முதலில் சொல்கிறேன். மலைப் பகுதியில் உள்ள பன்னிரண்டு நிலையங்களின் போன் இணைப்புகள் எல்லாம் எங்கள் சர்வர் வழியாகப் போகின்றன. நிலையத்தில் கரண்ட் போனாலும், சூடு ஏறினாலும், கதவு திறந்தாலும் சர்வரில் நேரத்தோடு ஒரு வரி விழும். அந்த வரிகளின் தொகுப்பை லாக் என்போம். அவற்றில் மனிதர் பார்த்தே ஆக வேண்டியவை மட்டும் அலாரமாக மாறித் திரைக்கு வரும். சிவப்பு, ஆரஞ்சு, மஞ்சள் என்று மூன்று படிகள் உண்டு, மூன்றுக்கும் மணி அடிக்கும். நான்காவதாக ‘தகவல்’ என்று ஒரு படி உண்டு. அதற்கு நிறமும் இல்லை, மணியும் இல்லை. லாக்கில் ஒரு வரியாக விழுந்து கிடக்கும், யாராவது தேடிப் போனால்தான் கண்ணில் படும். லாக்கில் இருபதாயிரம் வரிகள்தான் கொள்ளும். அதன் பிறகு புது வரி வர வர, பழைய வரி தானாக அழியும். எங்களுக்கு வரிகள் வந்து விழும் வேகத்துக்கு ஒரு வரியின் ஆயுள் ஏறத்தாழ பன்னிரண்டு நாள். இந்தப் பன்னிரண்டு நாளை எழுத்தர் தெளிவாகக் குறித்துக்கொள்ள வேண்டும், ஏனென்றால் என் யோக்கியதை அதில்தான் தெரியும்.

மேற்படி டெக்னீஷியன் ஐந்து ஆண்டுகளுக்கு முன் நான்காம் நிலையத்துக்கு மாற்றலாகி வந்தார். மலை உச்சியில் ஒரு கோபுரம், ஒரு கருவி அறை, படுக்க ஒரு அறை, அவ்வளவுதான் அந்த நிலையம். சுற்று வட்டாரத்தில் பேச்சுத் துணைக்கு ஆள் கிடையாது. இங்கிருந்து பஸ்ஸில் எட்டு மணி நேரம். தினமும் காலை எட்டரைக்கு நிலையங்களை வரிசையாக அழைத்து லைன் சோதிப்பது என் வேலைகளில் ஒன்று. அந்தப் பேச்சு முழுக்க ஒலிப்பதிவாகும், சொந்தப் பேச்சு பேசினால் விளக்கம் கேட்பார்கள். ஆகவே அவர் எனக்கு சார், நான் அவருக்கு மேடம், சத்தம் தெளிவாக இருக்கிறதா, இருக்கிறது என்பதோடு சரி.

அவர் வந்த இரண்டாம் மாதம் கருவி அறைக் கதவின் சுவிட்ச் பழுதாகி, பூட்டிய கதவுக்கெல்லாம் ஆரஞ்சு அலாரம் அடித்துத் தொலைத்தது. அதன் பிறகு அவர் சுவிட்சை மாற்றினார். அதன் பிறகு, மாற்றியது சரியாக இருக்கிறதா என்று பார்க்க, ஒரு வாரம் தினமும் மாலை நாலு பத்துக்கு, ஜெனரேட்டர் அளவுகளைக் குறித்து முடித்த கையோடு கதவைத் திறந்து மூடினார். இங்கே மணி அடித்தது, நான் பார்த்ததாகக் குறித்து அலாரத்தை முடித்தேன். ஒரு வாரம் கழித்துக் கோளாறு தீர்ந்தது என்று தாளில் எழுதிக் கையெழுத்தும் போட்டாகிவிட்டது. எட்டாம் நாளும் நாலு பத்துக்கு மணி அடித்தது.

மறுநாள் காலை லைன் சோதனையில், “நேத்தும் கதவு வந்துச்சு சார்,” என்றேன்.

“தெரியும் மேடம். இன்னைக்கும் வரும்,” என்றார்.

அன்றும் வந்தது. அதன் பிறகு ஐந்து ஆண்டுகளாக வந்தது. நான்கு விநாடி திறக்கும், பிறகு மூடும். இது பற்றி அவரும் நானும் பேசிக்கொண்ட மொத்தப் பேச்சும் மேலே உள்ள இரண்டு வரிதான்.

எழுத்தர் இந்த இடத்தில் ‘காதல் தொடர்பு’ என்று எழுதினார். அடிக்கச் சொன்னேன். “அப்போ என்னன்னுதாம்மா எழுதறது?” என்று சலித்துக்கொண்டார். நான் அவருக்காக ஏங்கினேன் என்று எழுதச் சொன்னேன். எழுதப்பட்டது.

அதிகாரி விளக்கம் கேட்டதால் சொல்கிறேன். என் தாயாருக்கு இரண்டு காதும் கேட்காது. நான் வீட்டுக்குள் நுழைந்ததுகூட விளக்கைப் போட்ட பிறகுதான் தெரியும். வந்துவிட்டேன் என்று நான் சொல்லவும் ஆள் இல்லை, என்னிடம் சொல்லவும் ஆள் இல்லை. மூன்று மணிக்கு மேல் எனக்கு வேலை ஓடாது. நாலு ஐந்துக்கு யாராவது பேச வந்தால் எரிந்து விழுவேன். மணி அடித்து, அந்த ஆரஞ்சு வரி வந்து, அதை முடித்து வைத்த பிறகு நல்ல மனுஷியாக ஆகிவிடுவேன். சுற்றி இருந்தவர்களுக்குக் காரணம் தெரியாது, மணியக்காவுக்கு மாலையில் டீ குடித்தால்தான் புத்தி வரும் என்று பேசிக்கொள்வார்கள்.

மூன்று ஆண்டுகளுக்கு முன் தாயாருக்குக் கண் அறுவை சிகிச்சைக்காக ஆறு நாள் லீவு போட்டேன். திரும்பி வந்ததும் முதல் வேலையாக லாக்கைத் தேடினேன். அந்த ஆறு நாளும் நான்காம் நிலையக் கதவு நாலு பத்துக்குத் திறக்கவே இல்லை. காலை லைனில் வேறு குரல் கேட்டதும் நான் வரவில்லை என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது. நான் திரும்பிய அன்று காலை, “உடம்புக்கு முடியலையா மேடம்?” என்று கேட்டார். “அம்மாவுக்கு சார். இப்ப பரவாயில்ல,” என்றேன். பிறகு, “சத்தம் தெளிவா இருக்கு மேடம்,” என்று சொல்லி வைத்துவிட்டார். அன்று மாலை நாலு பத்துக்குக் கதவு திறந்தது.

அவரை நான் நேரில் பார்த்தது உண்டா என்று அதிகாரி கேட்டார். இல்லை. போட்டோவும் பார்த்ததில்லை. ஒருமுறை எல்லா நிலையத்து டெக்னீஷியன்களையும் பயிற்சிக்காக எங்கள் அலுவலகத்துக்கு வரச் சொல்லியிருந்தார்கள். அன்று இருப்பதில் நல்ல உடுப்பாகப் பார்த்து உடுத்திக்கொண்டு போனேன். “என்னக்கா, யார் வீட்டுக் கல்யாணம்?” என்று பக்கத்து மேசைக்காரி கேலி செய்தாள். வந்தவர்கள் ஒவ்வொருவரையும் பேச வைத்து, குரலைக் கேட்டுக் கேட்டு அலைந்தேன். பதினொரு பேர் வந்தார்கள். மலையில் மழை, பாதை சரிந்துவிட்டது, நான்காம் நிலையத்துக்காரர் வர முடியவில்லை என்றார்கள். நான் ஏன் பஸ் ஏறிப் போகவில்லை என்றும் அதிகாரி கேட்டார். போய்ப் பார்த்து, அவருக்குப் பிடிக்காமல் போய், நாலு பத்தும் நின்றுவிட்டால் என்ன செய்வது என்ற பயம்தான்.

அதன் பிறகு, இரண்டு ஆண்டுகளுக்கு முன், எங்கள் மேலாளர் இதில் மூக்கை நுழைத்தார். சத்தம் போட்டே வேலை வாங்குவதால் அவரைச் சைரன் என்று கூப்பிடுவோம், அது அவருக்கும் தெரியும். ஒரு நாள் நாலு பத்துக்கு என் மேசைக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார், மணி அடித்தது.

“நாலாம் ஸ்டேஷன்காரனுக்கு வேற வேலையே இல்லையா? தினம் சொல்லி வெச்ச மாதிரி அடிக்குது. மெமோ போடுங்க. அதுக்கப்புறமும் அடிச்சா ஆளைத் தூக்கி வேற எங்கேயாவது போட்டுடறேன்,” என்றார்.

மெமோவை அடித்து அனுப்பியவளும் நான்தான். கருவி அறைக்குள் ஈரம் இறங்கியிருக்கிறதா என்று பார்க்கத் திறப்பதாக அவர் பதில் எழுதினார். திறப்பதை நிறுத்திவிடுவதாக எழுதவில்லை. மறுநாள் காலை லைனில் நான் ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். வேண்டாம் சார் என்றால் போதும், புரிந்துகொள்ளும் மனிதர் அவர். வாய் வரவில்லை. அன்று மாலை மூன்றரை மணிக்கு, நான்காம் நிலையக் கதவு அலாரத்தை ஆரஞ்சிலிருந்து ‘தகவல்’ படிக்கு இறக்கினேன். அலாரத்தின் படியை மாற்ற மேலாளரின் கையெழுத்து வேண்டும். பாஸ்வேர்டு என்னிடம் இருந்தது, கையெழுத்து வாங்கவில்லை. நாலு பத்துக்கு மணி அடிக்கவில்லை. நானே லாக்குக்குள் போய்த் தேடினேன். திறந்தது, நான்கு விநாடி, மூடியது என்று இரண்டு வரிகள் இருந்தன. மெமோ போட்ட பிறகும், மாற்றல் வந்தாலும் வரட்டும் என்று அவர் திறந்திருக்கிறார். எனக்கு அன்று இருந்த சந்தோஷத்துக்கு அளவே இல்லை.

“பார்த்தீங்களா, ஒரே மெமோ, ஆள் அடங்கிட்டான்,” என்று சைரன் பெருமைப்பட்டுக்கொண்டார். நான் தலையாட்டினேன். மணி அடிக்கவில்லை என்பது மலை மேல் இருக்கிறவருக்குத் தெரியாது. அவரிடம் நான் சொல்லவும் இல்லை. அன்றிலிருந்து இரண்டு ஆண்டுகள் அந்தக் கதவுக்கு அலாரம் கிடையாது.

அதன் பிறகு, இம்மாதம் பதினெட்டாம் தேதி செவ்வாய்க்கிழமை காலை எட்டரைக்கு, ஐந்தாம் நிலையத்தில் ஆன்டெனா திரும்பிக்கொண்டதால் அங்கே போய்ச் சரி செய்யும்படி அவருக்கு உத்தரவு சொன்னேன். அவர் ஒன்பது மணிக்கு நிலையத்தைப் பூட்டிக்கொண்டு கிளம்பினார். பதினொன்று பதினேழுக்கு யாரோ பூட்டை அறுத்துக் கதவைத் திறந்திருக்கிறார்கள். லாக்கில் வரி விழுந்தது. நான் அப்போது திரைக்கு முன்னால்தான் இருந்தேன், கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு அலாரங்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மணி அடிக்கவில்லை. பன்னிரண்டு இரண்டுக்கு, நிலையமே தொடர்பில் இல்லை என்று சிவப்பு அடித்தது. உடனே அடிவாரக் காவல் சாவடிக்குச் சொன்னேன். அவர்கள் போனபோது திருடர்கள் போய்விட்டார்கள். டெக்னீஷியன் மோட்டார் சைக்கிளில் விழுந்தடித்துக்கொண்டு திரும்பி வந்து, ஜெனரேட்டரை நேராக இணைத்து, பன்னிரண்டு ஐம்பத்திரண்டுக்கு லைனை உயிர்ப்பித்தார்.

இடையில் இருந்த ஐம்பது நிமிடத்தில், அந்த நிலையத்தின் இணைப்பில் உள்ள கல் குவாரியில் ஒரு தொழிலாளியின் கால்மேல் பாறை விழுந்தது. ஆம்புலன்சுக்கு அழைக்க அங்கே ஒரு போனும் வேலை செய்யவில்லை. கொண்டுபோகத் தாமதமானதில் காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். நிலையத்தில் ஆள் இல்லாதபோது கதவு ஆரஞ்சில் அடித்தால் ஐந்து நிமிடத்துக்குள் சாவடிக்குச் சொல்ல வேண்டும் என்பது விதி. சாவடியிலிருந்து நிலையம் பத்து நிமிடம். திருடர்கள் நாற்பத்தைந்து நிமிடம் நின்று நிதானமாகப் பேட்டரிகளைக் கழற்றியிருக்கிறார்கள். எப்படிப் பார்த்தாலும் பிடித்திருக்கலாம். அன்று மாலையே யாருக்கும் தெரியாமல் அந்த அலாரத்தை ஆரஞ்சுக்கு ஏற்றி வைத்தேன்.

பத்தொன்பதாம் தேதி இந்தக் காவல் நிலையத்திலிருந்து இரண்டு அலுவலர்கள் வந்து, நான்காம் நிலையத்தின் மூன்று வருட அலாரம் பட்டியலைக் கேட்டார்கள். மாதாமாதம் அச்செடுத்துக் கோப்பில் வைத்திருந்ததைக் கொடுத்தேன். லாக்கை அவர்கள் கேட்கவில்லை, நானும் நீட்டவில்லை. பட்டியலில் இரண்டு ஆண்டுகளுக்கு முன்வரை தினமும் கதவு அலாரம் இருந்தது, அதன் பிறகு ஒன்றுகூட இல்லை. சைரன் பழைய மெமோவையும் எடுத்துக் கொடுத்தார். ஆகவே டெக்னீஷியன் அப்போதே வயரைத் துண்டித்துவிட்டார் என்று முடிவு செய்யப்பட்டது. கதவோடு சேர்த்து சுவிட்சையும் வயரையும் திருடர்கள் பிய்த்துப் போட்டிருந்ததால் வயரைப் பார்த்து ஒன்றும் சொல்ல முடியவில்லை. இருபதாம் தேதி அவரைக் கைது செய்தார்கள்.

இருபத்திரண்டாம் தேதி மருத்துவமனைக்குப் போய் அந்தத் தொழிலாளியைப் பார்த்தேன். தூங்கிக்கொண்டிருந்தார். நான் யார் என்று அவர் மனைவி கேட்டார். போன் ஆபீஸ் என்றேன். “உங்க ஆளைப் பிடிச்சிட்டாங்களாமே,” என்றார். “ஆமா,” என்றேன். அந்த ஆமாவையும் எழுதிக்கொள்ள வேண்டும்.

நான் வாயைத் திறக்கவில்லை. பதினெட்டாம் தேதி விழுந்த வரி முப்பதாம் தேதி தானாக அழிந்துவிடும். நான் எதையும் அழிக்க வேண்டியதில்லை, சும்மா இருந்தாலே போதும். வேலை போனால் தாயாரை யார் பார்ப்பது, நான் ஜெயிலுக்குப் போனால் மருந்தை யார் எடுத்துக் கொடுப்பது என்றெல்லாம் எனக்கு நானே வக்கீலாகப் பேசிக்கொண்டேன். தினமும் காலையில் போனதும் அந்த வரி எங்கே நகர்ந்திருக்கிறது என்று பார்ப்பேன். நாலு பத்துக்கும் லாக்கைத் திறந்து பார்ப்பேன். அவர் இங்கே கம்பிக்குப் பின்னால் இருக்கிறார் என்று தெரிந்தும் பார்ப்பேன். அவருக்குப் பதிலாகப் போனவர் நாலு பத்துக்குக் கதவைத் திறக்கிறவர் இல்லை.

நேற்று, இருபத்தெட்டாம் தேதி மதியம், சைரன் இங்கே வந்துவிட்டுத் திரும்பி வந்து என் மேசையில் கையை ஊன்றிக்கொண்டு சொன்னார்.

“அவன் சரியான மடையனா இருக்கான். வயரைத் தொடலை, அலாரம் ஒழுங்காத்தான் இருந்துச்சுன்னு சாதிக்கிறான். அப்போ அலாரம் வந்திருக்கணுமே, சர்வர்ல உட்கார்ந்திருந்தவங்க பார்க்காம விட்டுட்டாங்களான்னு கேட்டிருக்காங்க. தப்பிச்சுக்க நல்ல வழி. ஆமான்னு சொல்லிட்டுப் போக வேண்டியதுதானே? ‘அங்க இருக்கறவங்க எதையும் விட மாட்டாங்க’ன்னு சொல்லிட்டு, அதுக்கு மேல வாயே திறக்கலையாம். தன் தலையில தானே மண்ணை அள்ளிப் போட்டுக்கறான்.”

அலாரத்தை நான் இறக்கி வைத்தது டெக்னீஷியனுக்குத் தெரியாது. மணி அடித்தது, நான் கவனிக்காமல் விட்டேன், விட்டதை மறைக்கிறேன் என்றுதான் அவர் நினைத்திருக்க முடியும். அப்படி நினைத்துக்கொண்டும் என்னைக் காட்டிக் கொடுக்கவில்லை. அவர் இங்கே எனக்காக அடி வாங்கிக்கொண்டிருக்க, நான் அங்கே வரி அழியக் காத்திருந்தேன். எனக்கே என்னைப் பிடிக்கவில்லை. அதன் பிறகு லாக் முழுவதையும் பிரதி எடுத்தேன். பென் டிரைவில் ஒன்று, அச்சில் ஒன்று, இரண்டையும் இப்போது ஒப்படைக்கிறேன். பதினேழாம் தேதி நாலு பத்துக்குக் கதவு திறந்து நான்கு விநாடியில் மூடிய வரிகள் அதில் இருக்கின்றன. ஆகவே வயர் நன்றாக இருந்தது. பதினெட்டாம் தேதி பதினொன்று பதினேழுக்குத் திறந்த வரி இருக்கிறது, மூடிய வரி இல்லை. அன்று மாலை நான் படியை ஏற்றி வைத்த வரியும் என் பயனர் எண்ணோடு இருக்கிறது.

இதெல்லாம் தெரிந்த பிறகு அவரை விடுவார்களா என்று கேட்டேன். மேலிடத்துக்கு எழுத வேண்டும், ஆனால் விட்டுவிடுவார்கள் என்று அதிகாரி சொன்னார். என்னை என்ன செய்வார்கள் என்று நான் கேட்கவில்லை. மணி அடிக்கவே இல்லை, அடிக்காமல் செய்தவள் நான் என்பதை மட்டும் டெக்னீஷியனிடம் யாராவது சொல்ல வேண்டும் என்று கேட்டுக்கொண்டேன்.

அதன் பிறகு, அவரை நேரில் பார்த்ததே இல்லை என்று நான் சொன்னது உண்மையா என்று அறிய, அதிகாரி மூன்று ஆண்களை அறைக்குள் அழைத்து வந்து சுவரோரம் நிற்க வைத்தார். யாரும் பேசக் கூடாது என்றார். நடுவில் நின்றவர் உயரமாக, தோள் அகலமாக இருந்தார். ஐந்து ஆண்டுகளாக நான் மனத்தில் வைத்திருந்தவர் ஏறக்குறைய அப்படித்தான் இருப்பார். வலது பக்கம் நின்றவர் நரைத்த மீசையோடு என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். இடது பக்கம் நின்றவர் குள்ளம், முன் தலை வழுக்கை, சட்டைப் பொத்தான்களை ஒன்று தள்ளிப் போட்டிருந்தார், தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். நடுவில் நிற்பவராக இருந்தால் நன்றாக இருக்குமே என்று நினைத்தேன், வெட்கத்தோடு ஒத்துக்கொள்கிறேன்.

“இதுல யாரும்மா?” என்று அதிகாரி கேட்டார்.

“எனக்குத் தெரியலை சார்,” என்றேன்.

அடையாளம் காட்ட இயலவில்லை என்று எழுத்தர் எழுதினார். அவர் எழுதிக்கொண்டிருக்கும்போதே, இடது பக்கம் நின்றவர் தலையைத் தூக்கி என்னைப் பார்த்தார். நான் யார் என்று அவருக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை. நான் பேசியது மூன்று வார்த்தை. அவர் கண் நிறைந்து வழிந்தது, துடைத்துக்கொள்ளவும் இல்லை. என்னாலும் அடக்க முடியவில்லை. பிறகு மூன்று பேரையும் வெளியே அழைத்துப் போய்விட்டார்கள். ஐந்து ஆண்டுகளாக நினைத்துக்கொண்டிருந்த அந்த உயரமானவரின் முகம் இப்போது எனக்கு ஞாபகம் இல்லை.

மேலே உள்ளவற்றை எழுத்தர் படித்துக் காட்ட நிதானமாகக் கேட்டேன். நான் சொன்னபடியே இருக்கிறது, எல்லாம் நடந்த உண்மை. அடையாளம் காட்ட இயலவில்லை என்ற வரியைத் திருத்த வேண்டுமா என்று அதிகாரி கேட்டார். அந்த வரி எழுதிய நேரத்துக்குச் சரி, அதை அடிக்க வேண்டாம், இதைக் கீழே சேர்த்துக்கொண்டால் போதும் என்றேன்: இடது பக்கம் நின்றவர்தான். இனி எங்கே பார்த்தாலும் காட்டுவேன்.

(கையெழுத்து)